கோடியக்கரைக்குப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

நான் முதன்முதலாகக் கோடியக்கரைக்குப் போனது ஒரு வைகாசி மாதம். லீவு கிடைத்தது, கிளம்பிவிட்டேன். பயணத்தை நான் திட்டமிட்ட லட்சணம் அவ்வளவுதான். வேதாரண்யத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன்.

“எங்க தம்பி, குழகர் கோயிலுக்கா?”

“இல்லைண்ணே, பூநாரை பார்க்க.”

அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். “இப்பவா? தண்ணியே இல்லையே. தண்ணி இல்லாம அது எதுக்கு இங்க வந்து நிக்கப் போவுது?”

அவர் சொன்னபடியேதான் இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பாளம் பாளமாக வெடித்த சேறு, அதன்மேல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தூரத்தில் தண்ணீர் போலத் தெரிந்தது கானல். இரண்டு நாய்கள் அதைக் குறுக்கே கடந்து போயின. அதற்குப் பிறகு பலமுறை போய்விட்டேன். அந்த ஆட்டோக்காரர் கேட்ட கேள்வியைக் கேட்காமல் இப்போதெல்லாம் பையைக் கட்டுவதில்லை. முதல்முறை போகிறவர்கள் என்னைப் போல வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இடத்தைப் புரிந்துகொள்வது

தமிழ்நாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ நேராகத் தெற்கே இறங்கி வரும் கடற்கரை, நாகப்பட்டினத்தைத் தாண்டியதும் ஓரிடத்தில் சட்டென்று மேற்கே மடங்கும். அந்த மூலைதான் கோடியக்கரை. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. ‘கோடி’ என்றால் கடைசி முனை. தெருக்கோடி என்கிறோமே, அதே கோடிதான்.

இங்கே மூன்று விதமான நிலம் ஒட்டி ஒட்டிக் கிடக்கிறது. மணல்மேடுகளின் மேல் வளர்ந்த குட்டையான, அடர்ந்த, எப்போதும் பச்சையாக இருக்கும் காடு ஒன்று. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே திறந்த புல்வெளி ஒன்று. காட்டுக்கு மேற்கே முத்துப்பேட்டை வரைக்கும் நீண்டு கிடக்கும் உப்புச் சதுப்பு ஒன்று. காட்டில் புள்ளிமானும் குரங்கும், புல்வெளியில் வெளிமானும் மட்டக்குதிரையும், சதுப்பில் பறவைகள். எதைப் பார்க்க எங்கே போவது என்ற கேள்விக்கு இந்தப் பிரிவிலேயே பாதி விடை இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் குழம்புவார்கள். வெளிமானைக் காப்பதற்காக 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் சிறியது, 17 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த ஈரநிலமோ கோடியக்கரை, வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிறு, முத்துப்பேட்டை எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர். நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நீங்கள் போய்வரப் போவது அதில் ஒரு மூலைக்குள் மட்டும். ஒரே நாளில் ‘முழுதும் பார்த்துவிட்டேன்’ என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

வலசைப் பறவைகள் புரட்டாசி, ஐப்பசியிலேயே வர ஆரம்பித்துவிடும். ஆனால் அப்போது போகச் சொல்ல மாட்டேன். இந்தப் பகுதிக்கு மழையைக் கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுவரை எந்த நாளும் பயணம் கெடலாம். புயல் மாதங்களும் அவைதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்த வேதாரண்யம் கரையில்தான் ஏறியது. கோடியக்காட்டில் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. மான்களும் பறவைகளும் செத்தன. காட்டுக்குள் நடக்கும்போது சில இடங்களில் மரக்கூரை திறந்து வானம் தெரிந்தால் காரணம் அதுதான்.

என் கணக்கில் ஜனவரிதான் மாதம். பொங்கல் விடுமுறையை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டம் தாங்காது. பொங்கல் முடிந்த மறுவாரம் முதல் பிப்ரவரி நடுவரை அருமை. மார்ச்சிலும் பறவை இருக்கும், வெயிலும் இருக்கும்.

கவனிக்க வேண்டிய நாட்கள் இன்னும் இரண்டு உண்டு: தை அமாவாசை, ஆடி அமாவாசை. ஆதிசேது என்று பெயர்பெற்ற இந்தக் கடலில் நீராடித் திதி கொடுக்க அன்று ஊர் ஊராகச் சனம் திரண்டு வரும். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு அது நல்ல நாள். மான் பார்க்க வருகிறவர்களுக்கு அல்ல.

இரண்டாவது வேலை: தண்ணீரை விசாரிப்பது

நாட்காட்டியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஒரு வருஷம் மழை பொய்த்தால் ஜனவரியிலேயே சதுப்பு காய்ந்திருக்கும். இன்னொரு வருஷம் பிப்ரவரியிலும் ஏரி போல ததும்பும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு யாரையாவது கேளுங்கள். வனச்சரக அலுவலகத்தில் கேட்கலாம், தங்கப் போகும் விடுதியில் கேட்கலாம். ‘பறவை இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு, வாங்க’ என்பார்கள். பறவை எப்போதும் ஏதாவது இருக்கும்தானே. ‘தண்ணி எவ்வளவு நிக்குது, முழங்காலா, கணுக்காலா?’ என்று கேளுங்கள். அதற்கு உருப்படியான பதில் வரும்.

ஏன் இந்தக் கேள்வி? சதுப்பு ஒரு பரந்த தட்டு மாதிரி. ஆழமே கிடையாது. ஆனால் நாலு விரல்கடைத் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் அங்கே நிற்கும் கூட்டமே மாறிவிடும். மழை கொட்டி முடித்த டிசம்பரில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நிற்கும்போது ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் மிதக்கும், கூழைக்கடா மீன் அள்ளும். சேற்றோரம் நடந்து இரை தேடும் கரைப்பறவைகளான குட்டைக்கால் உள்ளான்களுக்கு அங்கே காலூன்ற இடமில்லை. அவை உப்பளப் பாத்திகளின் வரப்போரம் ஒதுங்கிவிடும். ஜனவரியில் தண்ணீர் வற்ற வற்ற, ஓரங்களில் சேறு வெளிப்படும். அந்தச் சேற்றில்தான் புழுவும் பூச்சியும் சின்னச் சின்ன இறாலினங்களும். கணுக்கால் தண்ணீர் இருக்கும் அந்தச் சில வாரங்களில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் இறங்கும். பூநாரை இரண்டுக்கும் நடுவே நிற்கிற பறவை. அதன் காலைப் பார்த்தாலே தெரியும், அது கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் நிற்கும்.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு ஆழமில்லாத தண்ணீரைக் காற்றே ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். நேற்றுச் சாயங்காலம் பறவை நின்ற இடம் இன்று காலை வெறும் சேறாக இருந்தால் உங்கள் கண்ணைச் சந்தேகிக்க வேண்டாம்.

போவதும் தங்குவதும்

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி, தஞ்சாவூர் எங்கிருந்தும் வேதாரண்யத்துக்குப் பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரையிலான ரயில் பாதை அகலப் பாதையாகி 2023இல் மறுபடி ஓடத் தொடங்கியது. நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பன்னிரண்டு கிலோமீட்டர் சுமார். டவுன் பஸ் போகும், ஆனால் விடியற்காலையில் காட்டுக்குள் இருக்க வேண்டியவர்களுக்கு அது உதவாது. இரண்டு நாளைக்கு ஆட்டோ பேசிக்கொள்வதுதான் நல்லது. சொந்த வண்டியில் வந்தால் பெட்ரோலை வேதாரண்யத்திலேயே போட்டுவிடுங்கள்.

வழியில் அகஸ்தியம்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் வரும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கிய ராஜாஜியும் தொண்டர்களும் ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிய இடம் அது. இரண்டு பக்கமும் உப்பளம். அங்கே வண்டியை ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்கள், தூணுக்காக மட்டும் அல்ல. உப்புப் பாத்திகளின் வரப்புகளில் நெடுங்கால் உள்ளான் நிற்கும். கறுப்பும் வெள்ளையுமாக, குச்சி போன்ற இளஞ்சிவப்புக் காலோடு நிற்கும் அதை யாரும் தப்பாக அடையாளம் சொல்ல முடியாது. உங்கள் பட்டியலின் முதல் பறவையாக அதை எழுதிக்கொள்ளலாம்.

தங்குவதற்கு வனத்துறையின் ‘பூநாரை இல்லம்’ கோடியக்கரையிலேயே இருக்கிறது. நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் மூலம் முன்பதிவு செய்ய வேண்டும். சீசனில் சுலபமாகக் கிடைக்காது. கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் சாதாரண விடுதிகள் உள்ளன. சாப்பாட்டுக்கும் வேதாரண்யம்தான். கோடியக்கரையில் டீக்கடை உண்டு, மூன்று வேளையும் நம்பியிருக்க முடியாது.

பையில் என்ன

பைனாகுலர் கட்டாயம். புதிதாக வாங்குவதாக இருந்தால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8×42 போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பத்து மடங்கு தெரியும். கேமரா இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. சொல்லப்போனால் முதல் தடவை கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். படம் எடுக்கிற அவசரத்தில் பறவை என்ன செய்கிறது என்பதை நாம் பார்ப்பதே இல்லை.

தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை, மண்நிறத் துணி, நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு. காட்டுக்குள் நடந்துவிட்டு வந்தால் கால்களில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் பொருளைக் கையில் பிடித்தபடி வண்டியை விட்டு இறங்காதீர்கள். குரங்குகள் உங்களுக்கு முன்பே விழித்துவிட்டவை.

முதல் காலை: வெளிமான்

சரணாலயம் திறக்கும் நேரத்துக்கே கோடியக்காடு சோதனைச் சாவடியில் நில்லுங்கள். காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டு முதல் நாளே உறுதி செய்துகொள்வது நல்லது. சீட்டு வாங்கும்போதே உடன்வர வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கிடைப்பாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். எந்தக் கலை (ஆண் வெளிமானுக்கு அதுதான் பெயர்) எந்தப் பக்கம் நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. வண்டி எதுவரை போகலாம், எங்கே இறங்கி நடக்கலாம் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

மான் என்றதும் காட்டுக்குள் தேடத் தோன்றும். இதன் பெயரைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள்: வெளி மான். திறந்த வெளியில் வாழ்கிற மான். இதற்கு ஆயுதம் கண்ணும் காலும். தூரத்திலேயே ஆளைக் கண்டுகொள்ள வேண்டும், கண்டால் ஓட மறைப்பில்லாத நிலம் வேண்டும். அதனால் மரம் அடர்ந்த இடத்தை அது விரும்புவதில்லை. சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் நுழைந்தால் வெளிமானுக்கு வீடு போகிறது என்று அர்த்தம். வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டே இருக்கிறது. காய்களைத் தின்னும் மானும் குதிரையும் சாணத்தோடு விதையைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன.

காலை வெயில் சாய்வாக விழும்போது புல்வெளியை இடமிருந்து வலமாக மெதுவாகப் பைனாகுலரில் துழாவுங்கள். முதலில் கண்ணில் படுவது பெண்மான்களாகத்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், கொம்பில்லை, கூட்டமாக மேயும். அவற்றின் அருகே எங்காவது தனியாக ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் கலை. முதுகும் கழுத்தும் கருத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளையாக, முறுக்கிய கொம்புகள் மேல்நோக்கி விரிந்து நிற்கும். பழந்தமிழில் இதற்கு இரலை என்றும் புல்வாய் என்றும் பெயர். கறுப்பு பிறவியிலேயே வருவதல்ல. இளம் ஆண்கள் பழுப்பாகவே இருக்கும், வளர வளரக் கருக்கும். ஆகவே பழுப்பு நிறமும் கொம்பும் சேர்ந்து தெரிந்தால் அது விடலை என்று கொள்ளுங்கள்.

புல்வெளியில் ஓரிடத்தில் புழுக்கை குவியலாகக் கிடப்பதைக் காண்பீர்கள். கலை தன் எல்லையைச் சொல்லும் வழி அது. நாம் வேலிக்கல் நடுகிற மாதிரி. திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து போடும். அப்படிப்பட்ட குவியலுக்குப் பக்கத்தில் தலையை உயர்த்தி, கொம்பு முதுகில் படுகிறாற்போல் ஒரு கலை நடந்துபோனால் அசையாமல் பாருங்கள். பெண்மான்களுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே இன்னொரு கலை வந்தால் கொம்போடு கொம்பு மாட்டும் சத்தம் இருநூறடிக்கு அப்பாலும் கேட்கும்.

ஏதாவது ஒரு மான் வெருண்டால் கூட்டமே துள்ளும். நாலு காலும் தரையை விட்டு எழும்ப, ஒன்றன்பின் ஒன்றாக. அழகான காட்சிதான். ஆனால் அதைப் பார்ப்பதற்காக யாரும் கை தட்டவோ வண்டி ஹார்னை அடிக்கவோ கூடாது. நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். புல்லுக்குள் குட்டியைப் படுக்க வைத்துவிட்டுத் தாய் மேய்ந்துகொண்டிருக்கும். தாயைத் துரத்திவிட்டால் அடுத்து வருவது நரி.

அதே வெளியில் குட்டையான குதிரைகள் மேயும். காட்டுக்குதிரை என்று சொன்னாலும் இவை ஒருகாலத்தில் மனிதர் வளர்த்துக் கைவிட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல்கள்தான். கடல் பின்னணியில் குதிரைக்கூட்டம் ஓடுவதைப் பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? வெளிமானின் புல்லையும், கோடையில் தொட்டித் தண்ணீரையும் அவை பங்கு போடுகின்றன என்பது இன்னொரு பக்கம். எனக்கு இதில் முடிவான கருத்து எதுவும் இல்லை. குதிரை வந்தால் குதிரையைப் பார்க்கிறேன்.

சதுப்புக்கு எந்த நேரம்

சதுப்பு காட்டுக்கு மேற்கே இருக்கிறது என்று முன்பே சொன்னேன். அது முக்கியம். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், பறவைமேல் நேர் வெளிச்சம் விழும். நிறம், அலகு, கால் எல்லாம் தெரியும். சாயங்காலம் போனால் சூரியன் எதிரே. எல்லாப் பறவையும் கறுப்பு நிழல்தான். படம் பிரமாதமாக இருக்கும், எது என்ன என்று மட்டும் சொல்ல முடியாது. ஆகவே வெளிமானை ஏழரை மணியோடு முடித்துக்கொண்டு சதுப்புக்கு வாருங்கள், பத்து மணி வரை நில்லுங்கள். அதற்குமேல் வெப்பத்தில் காற்றே நெளிய ஆரம்பித்துவிடும், பைனாகுலரில் பூநாரை ஆவி மாதிரி ஆடும். முனியப்பன் ஏரிப் பக்கமும் சிறுதலைக்காடு போகும் பக்கமும் பார்க்க நல்ல இடங்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது மழையைப் பொறுத்தது. உப்பு நிறுவனங்களின் நிலத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். ஈரச் சேற்றில் காரை இறக்காதீர்கள். மேலே காய்ந்து பாளமாகத் தெரியும், கீழே கூழ். ஒருமுறை என் நண்பரின் காரை வெளியே எடுக்க டிராக்டரும் ஆறு பேரும் அரை நாளும் ஆயின.

இப்போது புதியவர்களின் பெரிய பயம்: ஆயிரம் பறவை நிற்கிறது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, என்ன செய்வது?

பெயரைத் தேடாதீர்கள். முதலில் அளவை மட்டும் பாருங்கள். மிக உயரமாக, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்து நடப்பது பூநாரை. அதன் அலகுக்குள் சல்லடை போன்ற அமைப்பு இருக்கிறது. நாக்கால் தண்ணீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, இரையை மட்டும் வடித்துக்கொள்ளும். அதே உயரத்தில் மஞ்சள் அலகும், சிறகில் ரோஜா நிறப் பூச்சும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. அலகு கரண்டி போல இருந்து, தண்ணீரை இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடந்தால் கரண்டிவாயன்.

அடுத்தது நடுத்தர உயரம். இங்கே காலின் நிறம் உதவும். ஆரஞ்சு கலந்த சிவப்புக் கால், நம்மைக் கண்டதும் கத்திக்கொண்டு முதலில் பறப்பது பவளக்காலி. அதுதான் சதுப்பின் காவல்நாய், அது கத்தினால் மற்றவை எல்லாம் எழும்பும். நீண்ட நேரான அலகைச் சேற்றில் அடிவரை குத்தி எடுப்பது மூக்கன்.

கடைசியாகக் குருவி அளவில், பொரி சிதறினாற்போல ஓரமெல்லாம் ஓடித்திரிவது. அதில் மிகச் சிறியது கொசு உள்ளான். பெயர் வைத்தவர் யாரோ தெரியாது, சரியாக வைத்திருக்கிறார். கைப்பிடிக்குள் அடங்கும் இந்தப் பறவை முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய, மரமே இல்லாத குளிர்வெளியான தூந்திரத்தில். அங்கிருந்து இங்கே வந்து, இந்தச் சேற்றைத் தின்று கொழுத்து, பங்குனி சித்திரையில் மறுபடி அங்கே போகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்குக் காலில் வளையம் மாட்டி வருகிறார்கள். இவை எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று நாம் சொல்வதற்கெல்லாம் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. பறவையியலாளர் சாலிம் அலிக்கு மிகவும் பிடித்த களங்களில் இதுவும் ஒன்று. உங்கள் பைனாகுலரில் வளையமோ வண்ணக் கொடியோ மாட்டிய கால் தெரிந்தால் நிறம், எந்தக் கால், என்ன எழுத்து என்று குறித்துக்கொண்டு வனத்துறையினரிடம் சொல்லுங்கள்.

மேலேயும் பாருங்கள். தண்ணீர்மேல் காற்றில் நிலையாக நின்று சட்டென்று விழுவது ஆலா. மீனைக் கால்களில் இடுக்கிக்கொண்டு போகும் பெரிய பருந்து தெரிந்தால் அது விராலடிப்பான்.

முதல் நாளில் பத்துப் பறவை பெயரோடு தெரிந்தால் போதும். பூநாரை சில வருஷம் பல்லாயிரக்கணக்கில் வரும், சில வருஷம் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாக மட்டும் தெரியும். அந்தக் கோட்டை நோக்கிச் சேற்றில் நடந்து போகாதீர்கள். நீங்கள் ஐந்நூறடி நெருங்கினால் அவை ஆயிரம் அடி தள்ளிப்போகும். நீண்ட பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பை அந்தப் பறத்தலில் செலவழிப்பது பறவை. நமக்குக் கிடைப்பது அப்போதும் அதே கோடுதான்.

உச்சிப்பொழுதில் காடு

வெயில் ஏறியதும் காட்டுக்குள் வந்துவிடுங்கள். பாலை, நாவல், உகா, காரை, இடையே முள் மண்டிய சங்கஞ்செடி. ஆள் உயரத்துக்குச் சற்று மேல் எல்லாம் பின்னிப் படர்ந்து கூரை போட்டிருக்கும். கோடையில் வந்தவர்களுக்கு வேதாரண்யம் பக்கம் பாலாப்பழம் கிடைக்கும். சின்ன மஞ்சள் பழம், கடித்தால் பிசுபிசுவென்று பால் உதட்டில் ஒட்டும். பறவை இல்லாத அந்த வைகாசியில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

காட்டின் தரையில் சருகு புரளும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். உடும்பாக இருக்கலாம், காட்டுக்கோழி அளவு கூட இல்லாத ஒரு பறவையாகவும் இருக்கலாம். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு, வால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே வரும். காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்கும் வேலை வேண்டாம். களைத்துப்போய் வந்த பறவைக்கு எதிரி வந்துவிட்டான் என்று பொய் சொல்வது அது.

ராமர் பாதம் என்ற மணல்மேடு இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடம் என்பார்கள். உயரம் சுமார் நாலு மீட்டர்தான்! ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது நம்பிக்கை. ஏறி நின்றால் காட்டின் தலைக்கு மேலே பார்வை போகும். தரை எவ்வளவு தட்டை என்பதும், ஏன் நாலு விரல்கடைத் தண்ணீர் இங்கே அவ்வளவு பெரிய விஷயம் என்பதும் அங்கே நின்றால் விளங்கும். கடலோரம் சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் கிடக்கிறது. 2004 சுனாமியில் சரிந்தது போக மிச்சம்.

இரண்டாம் நாள் இருந்தால்

ஒன்று, விடியலில் கடற்கரை. மீன்பிடி சீசனில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியூர் மீனவர்கள் குடும்பத்தோடு இங்கே வந்து குடிசை போட்டுத் தங்குவார்கள். படகு கரை சேரும் நேரத்தில் செம்பருந்துகள் தலைக்கு மேலே வட்டமிடும். ஜனவரி முதல் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். மீனவர் வைத்த பெயர் பங்குனி ஆனாலும் தை மாதமே ஆரம்பித்துவிடும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்கிறது. ஏறத்தாழ ஐம்பது நாளில் குஞ்சு வெளிவரும். கடலில் விடும் நாள் தெரிந்தால் கேட்டு அனுமதியோடு போய்ப் பாருங்கள். குஞ்சைக் கையில் எடுத்துப் படம் பிடிக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று அதற்கு நினைப்பு.

இன்னொன்று, முத்துப்பேட்டை. சாலை வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியோடு படகில் அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆயிரமாயிரம் குச்சிகளும் அலையாத்தியின் மூச்சு வேர்கள். ஓதம் ஏறினால் மூழ்கும், வடிந்தால் காற்று வாங்கும். அதுவே தனிக் கட்டுரைக்கான விஷயம் என்பதால் இங்கே நிறுத்துகிறேன். ஒரே நாளில் கோடியக்கரையையும் முத்துப்பேட்டையையும் அடக்கப் பார்த்தால் இரண்டும் உருப்படாது.

செய்யக் கூடாதவை

பாதிக்கு மேல் ஏற்கனவே சொல்லிவிட்டேன். மிச்சம் இவை. ட்ரோன் அனுமதியில்லாமல் கூடாது, சதுப்பு முழுவதும் ஒரே நொடியில் எழும்பிவிடும். மூலிகை என்று எதையும் பிடுங்காதீர்கள். நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஜெயிலுக்குப் போகும் குற்றம். குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள். உணவுப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள், மான் தின்னும்.

மாலை ஆறு மணிக்குள் சாவடியைத் தாண்டி வெளியே வந்துவிட வேண்டும். ஐந்தேமுக்காலுக்குக் கடைசியாகச் சதுப்போரம் நின்று, இருட்டும் முன் உள்ளான்கள் கூட்டமாக எழுந்து வளைந்து திரும்புவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கூட்டம் ஒரு பக்கம் திரும்பும்போது கறுப்பாகவும் மறுபக்கம் திரும்பும்போது வெள்ளையாகவும் மின்னும். பிறகு கோடியக்காட்டில் ஒரு டீ. டீக்கடைக்காரரிடமோ ஆட்டோக்காரரிடமோ போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மார்கழிக் கடைசியில் அவருக்கு ஒரு போன் போட்டு, நலம் விசாரித்துவிட்டு, முழங்காலா கணுக்காலா என்று கேட்கலாம்.